சிவப்பு அட்டையில் ரெண்டு தேதி

எனக்கு ஒரு சாமான் புதுசா வீட்டுக்குள்ள வந்தா, அதைத் திறந்து பாக்காம சோறு இறங்காது. மிக்ஸி, வாட்டர் ஹீட்டர், கொசு பேட், எதையும் விட்டு வச்சதில்லை. ரிட்டயர் ஆன அன்னைக்குக் கம்பெனியில ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தாங்க. மறுநாள் காலையில அதைப் பிரிச்சு நியூஸ் பேப்பர்ல பரப்பி வச்சிருந்தேன். என் வீட்டுக்காரி ராஜலட்சுமி காப்பி டம்ளரோட வந்து நின்னு பாத்தா. "நல்லா ஓடிக்கிட்டுத்தானேங்க இருந்துச்சு?"ன்னா. எப்படி ஓடுதுன்னு பாக்கத்தான் பிரிச்சேன்னேன். "அது பாட்டுக்கு ஓடுறது உங்களுக்குப் பொறுக்கலை"ன்னு சொல்லிட்டு டம்ளரைப் பேப்பர் மேலயே வச்சுட்டுப் போயிட்டா. அந்தக் கடிகாரம் இன்னைக்கும் ஹால்ல ஓடுது. அவ இல்லை.

என் பேரு சௌந்தரராஜன். பூர்வீகம் துறையூர் பக்கம். ஓசூருக்கு வந்து ஒரு பார்ட்ஸ் கம்பெனியில முப்பத்தொரு வருஷம் மெயின்டனன்ஸ் பிட்டரா இருந்தேன். மூக்கண்டப்பள்ளியில மூணு ரூம் வீடு, ஒரே பையன். இதையெல்லாம் எதுக்குச் சொல்றேன்னா, நான் ஒண்ணும் தெரியாத ஆளு இல்லை. தெரியாதவன் பண்ணியிருந்தா போடான்னு விட்டுரலாம். எல்லாம் தெரிஞ்சவன் பண்ணின வேலை இது.

முதல்ல கம்பெனி சமாச்சாரம் ஒண்ணு சொல்லணும். மெஷினுக்குக் கதவு இருக்கும். கதவு மூடலைன்னா ஓடக்கூடாதுன்னு ஒரு சென்சார் வச்சிருப்பான். அந்த சென்சார் இருக்கே, அது சில நாள் பொய் சொல்லும். கதவு நல்லா மூடியிருக்கும், மூடலை மூடலைன்னு சொல்லி லைனை நிறுத்திப்புடும். சூப்பர்வைசர் தலையில கையை வச்சுக்கிட்டு நிப்பான். அப்ப கூப்பிடுறது என்னைத்தான். விரல் நீளத்துக்கு ஒரு ஒயர் துண்டு எடுத்து ரெண்டு முனையைச் சேத்து விட்டுருவேன். சென்சார் வாய் அடைஞ்சுரும், லைன் ஓடும். ஜம்பர் போடுறதுன்னு பேரு. "சௌந்தர் அண்ணன் கை வச்சா லைன் நிக்காது"ன்னு பசங்க சொல்லுவானுங்க. எனக்கும் உள்ளுக்குள்ள குளிரும், இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

ஆனா அதுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஜம்பர் போட்டவன் ஒரு சிவப்பு அட்டையில தன் பேரை எழுதணும், போட்ட தேதியை எழுதணும், மெஷின்ல எல்லாக் கண்ணுக்கும் படுற மாதிரி கட்டித் தொங்க விடணும். அட்டையில ரெண்டாவதா ஒரு கோடு காலியா இருக்கும். எடுத்த தேதி. அந்தக் கோடு நிரம்புற வரைக்கும் அட்டை தொங்கும். வர்றவன் போறவன் எல்லாம் பாத்து, இந்த மெஷினுக்கு இப்ப ஒரு கண்ணு அவிஞ்சிருக்குன்னு தெரிஞ்சுக்குவான். முப்பத்தொரு வருஷத்துல நான் அட்டை கட்டாம ஒரு ஜம்பர் போட்டதில்லை. ரிட்டயர் ஆகும்போது அந்த அட்டை ஒரு கட்டு என் டூல் பாக்ஸ் அடியில தங்கிப்போச்சு.

ராஜிக்கு இருமல் ஆரம்பிச்சது நான் ரிட்டயர் ஆன ரெண்டாம் வருஷம். சளி, அலர்ஜின்னு ஆறு மாசம் ஓட்டினோம். அப்புறம் பெங்களூர்ல ஒரு பெரிய டாக்டர் ஸ்கேன் பாத்துட்டு, நுரையீரல் நார் நாரா இறுகிக்கிட்டே வருது, திரும்பி இளகாது, வீட்டுல ஆக்ஸிஜன் வச்சுக்கங்கன்னு சொல்லிட்டாரு. எத்தனை நாளைக்குன்னு கேட்டேன். "நல்லாப் பாத்துக்கிட்டா சில வருஷம் ஓடும்"னாரு. நல்லாப் பாத்துக்கிறதுதானே, அதை என்கிட்ட விட்டுருங்கன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன்.

என் பையன் கௌதம் ஸ்ரீபெரும்புதூர்ல ஒரு கார் கம்பெனியில மெயின்டனன்ஸ் இன்ஜினியர். அப்பன் தொழில்தான், சட்டையில மட்டும் கிரீஸ் படாது. அவன்தான் அந்த ஆக்ஸிஜன் மெஷினை வாங்கி அனுப்பினான். இடுப்பு உசரத்துக்கு ஒரு பொட்டி, அடியில சக்கரம். சிலிண்டர் கிடையாது. ரூம்ல இருக்கிற காத்தையே இழுத்து ஆக்ஸிஜனைப் பிரிச்சுக் கொடுக்கும்.

நான் அதைத் திறக்காம இருப்பேனா? வந்த மூணாம் நாளே பின்பக்க மூடியைக் கழட்டிட்டேன். உள்ள ரெண்டு குழாய், குழாய் நிறைய அரிசி நொய் மாதிரி வெள்ளை மணி. காத்தை அழுத்தி உள்ள விட்டா அந்த மணி நைட்ரஜனைப் பிடிச்சு வச்சுக்கிட்டு ஆக்ஸிஜனை மட்டும் விட்டுரும். ஒரு குழாய் வேலை செய்யும்போது இன்னொண்ணு பிடிச்சு வச்சதைத் துப்பும். டுக், புஸ்ஸுன்னு மாறி மாறி. என்ன மூளைடா இவனுங்களுக்குன்னு எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. ராஜியைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூக்குல டியூபோட எட்டிப் பாத்தா.

"ஏங்க, நொய்யைப் போட்டுக் காத்தைச் சலிக்கிறாங்களா?"

"அப்படியேதான்டி."

"நல்லாச் சலிக்கட்டும். கல்லு மண்ணு இல்லாம வரட்டும்."

ரெண்டு பேரும் சிரிச்சோம். அவளுக்குச் சிரிச்சா இருமல் வரும், அதனால பாதியில நிறுத்திக்கிட்டா.

ஒண்ணரை வருஷம் நல்லாவே போச்சு. விரல்ல மாட்டுற ஆக்ஸிஜன் மீட்டர்ல தொண்ணூத்திமூணு, தொண்ணூத்திநாலு காட்டும். காலையும் சாயங்காலமும் பாத்து நோட்டுல எழுதி வச்சேன். அவ உக்காந்த இடத்துலயே கீரை ஆய்வா, சீரியல் பாப்பா, என்னைத் திட்டுவா. வேற என்ன வேணும் மனுஷனுக்கு?

அந்தக் கோடையிலதான் பிரச்சினை வந்துச்சு. எங்க தெருவுல கரண்ட் இருக்கும், ஆனா தெம்பு இருக்காது. ஃபேன் சொணங்கும், டியூப் லைட் கண்ணடிக்கும். மெஷினுக்கு அது ஆகாது. வோல்டேஜ் இறங்கினா கீஈஈன்னு ஒரு அலாரம், காதுல கம்பியை விட்டு ஆட்டுற மாதிரி. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, பன்னெண்டு தடவை. முதல்ல ராஜி கிண்டல்தான் பண்ணினா. "உங்க கொழந்தை அழுவுது பாருங்க, போய்த் தூக்குங்க"ம்பா. போகப் போகக் கிண்டல் போயிருச்சு. தூங்கிக்கிட்டு இருப்பா, அலாரம் அடிக்கும், தூக்கிப் போட்டு எந்திரிப்பா, உடனே இருமல். கால் மணி நேரம் இருமுவா. உதடு நீலமாகும். நான் முதுகைத் தடவிக்கிட்டு அந்தப் பொட்டியை முறைச்சுக்கிட்டு நிப்பேன்.

மே மாசம் ஒன்பதாம் தேதி. மத்தியானத்துக்குள்ள ஏழு தடவை கத்திருச்சு. ஏழாவது தடவை ராஜி அழுதுட்டா. "ஏங்க, அதோட வாயை மூடுங்க. இல்லாட்டி என்னை எங்கயாச்சும் கொண்டு போய் விட்டுருங்க"ன்னா. கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்துல என்கிட்ட ஒண்ணு கேட்டு அழுதவ இல்லை அவ.

டூல் பாக்ஸை எடுத்தேன். முன்பக்கம் மூடிக்குப் பின்னால உள்ளங்கை அளவுல ஒரு போர்டு. அதுலதான் அலாரம் இருக்கு. பச்சை, மஞ்சள், சிவப்புன்னு மூணு லைட்டும் அதுலதான். பச்சைன்னா ஆக்ஸிஜன் சுத்தமா வருது, மஞ்சள்னா குறையுது, சிவப்புன்னா உடனே மாத்துன்னு அர்த்தம். சிவப்பு எரிஞ்சாலும் அந்த அலாரம்தான் கத்தும். இதெல்லாம் புஸ்தகத்துல படிச்சவன்தான் நான். அந்தப் போர்டுக்கு ஒரே ஒரு ஒயர் போகுது. பிடுங்கினேன். மூணு லைட்டும் அணைஞ்சுது, ஆனா மெஷின் டுக், புஸ்ஸுன்னு ஓடிக்கிட்டே இருந்துச்சு. அதுக்கு மேல என்ன வேணும்?

இன்வெர்ட்டரும் ஸ்டெபிலைசரும் சொல்லியிருந்தேன், பத்து நாள்ல வரும்னான் கடைக்காரன். அது வந்ததும் ஒயரைத் திருப்பி மாட்டிரலாம், அதுவரைக்கும் டெம்பரவரின்னு முடிவு பண்ணினேன். டூல் பாக்ஸை மூடும்போது அடியில அந்தச் சிவப்பு அட்டைக் கட்டு கண்ணுல பட்டுச்சு. ஒண்ணு எழுதிக் கட்டலாமான்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. வீட்டுல யாருக்குய்யா அட்டை? போட்டவனும் நான், எடுக்கப்போறவனும் நான். மெஷினுக்கும் தாலி கட்டிட்டீங்களான்னு இவ வேற கேப்பா. மூடி வச்சுட்டேன்.

அன்னைக்கு மத்தியானம் ராஜி மூணு மணி நேரம் தூங்கினா. வாயைத் திறந்துக்கிட்டு, பச்சைப் பிள்ளை மாதிரி. நான் சேரைப் போட்டுப் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். சந்தோஷமா இருந்தேன்.

பத்து நாள்ல இன்வெர்ட்டர் வந்துச்சு, மாட்டினேன். கரண்ட் ஏறி இறங்குறது மெஷினுக்கே தெரியாம போச்சு. ஒயரை மாட்டலை. மறந்துட்டேன்னு சொன்னா அது பாதிப் பொய். முதல் ஒரு வாரம் ஞாபகம் இருந்துச்சு, நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டேன். அமைதியா இருக்கே, அவ தூங்குறாளே, எதுக்குக் கிளறணும்னு விட்டேன். அதுக்கப்புறம்தான் மறந்தேன். ஒரு அட்டை தொங்கியிருந்தா மறந்திருக்க மாட்டேன்.

பின் தெருவுல நஞ்சம்மான்னு ஒரு அம்மா. தெலுங்கு பேசுறவங்க, தமிழ், கன்னடம் எல்லாம் கலந்து கட்டி அடிப்பாங்க. வீட்டுக்காரர் எல்லப்பன் கிரானைட் பாலிஷ் போடுற இடத்துல இருபது வருஷம் வேலை செஞ்சு, தூசி ஏறி நெஞ்சு கெட்டுப் போனவரு. அந்தம்மா சாயங்காலமானா ராஜிக்குத் துணையா வந்து உக்காரும். ராஜி என்னைப் பத்திப் பெருமையடிப்பா. "முன்னெல்லாம் இது கத்திக் கத்தி உசுரை வாங்கும் நஞ்சம்மா. எங்க வீட்டுக்காரரு ஒரே நாள்ல வாயைக் கட்டிட்டாரு"ம்பா. எனக்குச் சமையக்கட்டுல காபி போட்டுக்கிட்டு இருக்கும்போது அது காதுல விழும். விழட்டும்னு கொஞ்சம் மெதுவாவே காபி ஆத்துவேன். அவ்வளவு அல்பம் நான்.

ஐப்பசி மழை பிடிச்சுக்கிச்சு. ஓசூர் குளிர் தெரியும்ல, சுவரெல்லாம் ஓதம். துணி காயலைன்னு அவ ரூம்லயே கொடி கட்டி ஃபேனைப் போட்டு விட்டேன். அந்த வெள்ளை மணிக்கு ஈரம் ஆகாது. ஈரம் குடிச்சா சலிக்கிறதை விட்டுரும். அதையும் படிச்சிருக்கேன். படிச்சு என்ன பிரயோஜனம்?

மீட்டர்ல தொண்ணூறு காட்டுச்சு. அடுத்த வாரம் எண்பத்தெட்டு. என் விரல்ல மாட்டிப் பாத்தேன், தொண்ணூத்தேழு. அப்ப மீட்டர் சரி. டியூப் முனையை ஒரு டம்ளர் தண்ணியில விட்டுப் பாத்தேன், குமிழி கொப்புளிச்சுக்கிட்டு வந்துச்சு. அப்ப காத்தும் வருது. ஃபில்டரைக் கழுவினேன், டியூபை மாத்தினேன், நிமிஷத்துக்கு ரெண்டு லிட்டர்னு இருந்த அளவை மூணாக்கி, நாலாக்கி, அஞ்சாக்கினேன். வர்றது காத்துதான், ஆனா வெறும் காத்து. நீங்களும் நானும் சும்மா இழுக்கிற அதே காத்து. ஆக்ஸிஜன் சுத்தமா வருதான்னு சொல்ல வேண்டியது அந்த மூணு லைட்டு. அதைத்தான் நான் குருடாக்கி வச்சிருந்தேனே. அது ஞாபகத்துக்கே வரலை. டாக்டருக்கு போன் போட்டேன். "நோய் முத்துது சார், எதிர்பார்த்ததுதான்"னாரு. அவரு மேல தப்பில்லை. மெஷின் எப்படி இருக்குன்னு கேட்டாரு. ஜோரா ஓடுதுன்னு நான்தான் சொன்னேன்.

இதையும் சொல்லணும். கடைசி வாரத்துல ஒரு நாள் காலையில ராஜி என் கையைப் பிடிச்சு, "ஏங்க, காத்து வருது, ஆனா அதுல ஒண்ணும் இல்லீங்க"ன்னா. மூக்குல இருந்த டியூபைத் தொட்டுத் தொட்டுக் காட்டினா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மெஷினெல்லாம் நல்லாத்தான் ஓடுது. நீ பயந்துக்கிட்டு வேகமா மூச்சு விடுற, அதான்"னு அதட்டினேன். "எனக்குத் தெரியாதா மெஷினைப் பத்தி?"ன்னு கேட்டேன். அவ உடனே தலையை ஆட்டிட்டா. "சரிங்க, உங்களுக்குத் தெரியும்"னு சொல்லி மெதுவா மூச்சு விடப் பாத்தா. முடியலை. முடியலைன்னு அப்புறம் என்கிட்டச் சொல்லவும் இல்லை.

ரெண்டாம் நாள் எழுபத்தெட்டுக்கு இறங்கிருச்சு. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அதுல வந்த தம்பி எங்க டியூபைக் கழட்டிப் போட்டுட்டு வண்டியில இருந்த சிலிண்டர் டியூபை மாட்டினான். பத்தலப்பள்ளி தாண்டுறதுக்குள்ள தொண்ணூறு காட்டுச்சு. ராஜி கண்ணைத் திறந்து, "இப்ப நல்லாருக்குங்க"ன்னா. நான் அந்தத் தம்பியைக் கையெடுத்துக் கும்பிட்டேன். கம்பெனியில ஒரு பார்ட்டை மாத்தினதும் மெஷின் ஓடிச்சுன்னா, கழட்டின பார்ட்தான் கோளாறுன்னு நேத்து சேந்த ஹெல்பர் கூடச் சொல்லுவான். எனக்குத் தோணலை. கும்பிட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

ஐ.சி.யூ.வுல மூணு நாள் இருந்தா. ரொம்ப நாளா ஆக்ஸிஜன் பத்தாம இருதயம் ஓஞ்சு போச்சுன்னாங்க. மூணாம் நாள் காலையில ஏழரை மணிக்குப் போயிட்டா. வந்தவங்க எல்லாம் ஒரே வார்த்தைதான் சொன்னாங்க. "வேற வீடா இருந்தா என்னைக்கோ போயிருப்பா. நீங்க கையில வச்சுத் தாங்கினீங்க சௌந்தரம்." கௌதம் என் தோள்ல சாஞ்சு அழுதுக்கிட்டு, "ரெண்டு வருஷம் நீங்கதான்ப்பா அம்மாவைக் காப்பாத்தினீங்க"ன்னான்.

பத்தாம் நாள் மத்தியானம். கௌதம் சாமான் வாங்க டவுனுக்குப் போயிருந்தான். வீட்டுல நான் மட்டும். முந்தின நாள்தான் அவன் சொன்னான், "அம்மா மெஷினை நஞ்சம்மா வீட்டுக்குக் கொடுத்துரலாம்ப்பா. எல்லப்பனுக்கும் டாக்டர் ஆக்ஸிஜன் வைக்கச் சொல்லிட்டாராம். பதினாறாம் நாள் அம்மா பேரைச் சொல்லிக் கொடுப்போம்"னு. சரி, கொடுக்கிற பொருளைச் சுத்தமாக் கொடுக்கணும்னு மூடியைக் கழட்டித் துடைக்க உக்காந்தேன். ஒயர் தொங்கிக்கிட்டு இருந்துச்சு.

மாட்டி, சுவிட்சைப் போட்டேன். முதல்ல பச்சை. ஒரு நிமிஷம் போச்சு. மஞ்சள். நாலாவது நிமிஷம் சிவப்பு எரிஞ்சுது. அப்புறம் கத்த ஆரம்பிச்சுது.

நான் நிறுத்தலை. நிறுத்தத் தோணலை. அந்த சத்தத்துல உக்காந்து, ஐப்பசி முதல் தேதியில இருந்து ஒவ்வொரு நாளா எண்ணினேன். இது இப்படித்தான் கத்தியிருக்கும். முதல் நாளே கத்தியிருக்கும். நான் ஓடிப்போய் சிலிண்டர் எடுத்துட்டு வந்திருப்பேன். அவளுக்கு நோய் இருந்துச்சு, வாஸ்தவம். இன்னும் ஆறு மாசமோ, ஒரு வருஷமோ, யாரு கண்டா? நோய் கொண்டு போச்சா, நான் கொண்டு போனேனான்னு எனக்குச் சொல்ல இனி ஒரு மீட்டரும் கிடையாது. தலையைச் சுவத்துல முட்டிக்கிட்டேன். ஐயோ ராஜி, ஐயோ ராஜின்னு வாய்விட்டு அழுதேன். கௌதம் வண்டிச் சத்தம் கேட்டதும் சுவிட்சை அணைச்சுட்டேன். பாருங்க, அப்பவும் அணைக்கத்தான் தோணுச்சு.

அடுத்த ஆறு நாளும் ஒரே யோசனை. மெஷின் ரிப்பேர், புதுசா வாங்கிக் கொடுத்துரலாம்னு சொன்னா விஷயம் முடிஞ்சுது. யாருக்கும் ஒண்ணும் தெரியப்போறதில்லை. பையனுக்கு நான் ஒருத்தன்தான் மிச்சம். அவனும் இதைத் தெரிஞ்சுக்கிட்டு என்ன பண்ணப்போறான்? இப்படியே மனசைத் தேத்தி, பதினாறாம் நாள் காலையில குளிச்சு வேட்டி கட்டி நின்னேன்.

காரியம் முடிஞ்சு, சாப்பாடு முடிஞ்சு, சொந்தக்காரங்க எல்லாம் பஸ் ஏறிட்டாங்க. மூணு மணிக்கு நஞ்சம்மா ஆட்டோவைக் கூட்டிக்கிட்டு வந்துச்சு. எல்லப்பனை அன்னைக்கு சாயங்காலம் ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு விடுறாங்களாம். கௌதம் மெஷினை ஹாலுக்கு உருட்டிட்டு வந்து, அம்மா போட்டோவுக்கு முன்னால நிறுத்தினான். நான் தொண்டையைச் செருமிக்கிட்டேன்.

"நஞ்சம்மா, இது கொஞ்சம் ரிப்பேரா இருக்கு. உங்களுக்கு வேற புதுசு..."

"ரிப்பேர் ஆனா என்ன அண்ணா, நீங்க இருக்கீங்களே!" அந்தம்மா கண்ணைத் துடைச்சுக்கிச்சு. "புதுசோ பழசோ, எனக்கு ஒண்ணே ஒண்ணு பண்ணிக் கொடுங்க. அக்காவுக்குப் பண்ணினீங்களே, அந்தக் கத்துற சத்தம் இல்லாம. எங்க ஆளுக்கு சத்தம்னா ஆவாது. நீங்க முடியாதுன்னா சொல்லுங்க, என் கூடப் பிறந்தவ பையன் எலக்ட்ரீஷியன், நீங்க என்ன பண்ணினீங்கன்னு அவனுக்குச் சொல்லிக் கொடுங்க, அவன் பண்ணிருவான்."

புதுசு வாங்கிக் கொடுத்தாலும் அந்தம்மா அதோட வாயைக் கட்டத்தான் போகுது. ராஜி சொன்ன பெருமை அந்த வீடு வரைக்கும் போயிருக்கு. கௌதம் என்னையே பாத்துக்கிட்டு நின்னான்.

"எந்த சத்தம்ப்பா?"ன்னு கேட்டான்.

குனிஞ்சு பிளக்கைச் சொருகினேன். பச்சை. மஞ்சள். நான் அணைக்கலை. அவன் மெயின்டனன்ஸ் இன்ஜினியர், மஞ்சள் எரிஞ்சதுமே புருவத்தைச் சுருக்கிட்டான். சிவப்பு வந்துச்சு, வீடு பூரா கத்திச்சு. நஞ்சம்மா காதைப் பொத்திக்கிச்சு. கௌதம் பாய்ஞ்சு பிளக்கைப் பிடுங்கினான். பிடுங்கின கையோட அப்படியே உக்காந்துட்டான்.

"அப்பா. இது ஏன் அப்ப கத்தலை?"

நான் உள்ள போய் டூல் பாக்ஸைத் திறந்தேன். அட்டைக் கட்டுல ஒண்ணு உருவி எழுதினேன். பேரு, சௌந்தரராஜன். போட்ட தேதி, மே ஒன்பது. எடுத்த தேதி, நவம்பர் பதினாலு. கொண்டு வந்து அவன் கையில கொடுத்தேன். அவனுக்கு அந்த அட்டை தெரியும். அவன் கம்பெனியிலயும் அதேதான். அவங்க அம்மா போனது நவம்பர் அஞ்சு. அவன் ரெண்டு தேதியையும் திரும்பத் திரும்பப் பாத்தான்.

நஞ்சம்மாகிட்ட நானே சொன்னேன். "அம்மா, அது கத்துறது நம்ம நல்லதுக்குத்தான். நான் அதோட வாயைக் கட்டினேன். உங்க அக்கா காத்தே இல்லாமத்தான் போனா. நீங்க கட்டிராதீங்க"ன்னு. அந்தம்மாவுக்கு முழுசாப் புரிஞ்சுதோ என்னவோ, ராஜி போட்டோவைப் பாத்துச்சு, என்னைப் பாத்துச்சு, வாயில முந்தானையை வச்சுக்கிட்டு வெளியே போயிருச்சு. கௌதம் எந்திரிச்சு பின்னாலயே போய், "நாளைக்கே புது மெஷின் வரும்மா, நான் அனுப்புறேன். இன்னைக்கு சிலிண்டர் ஏற்பாடு பண்றேன்"னு சொல்லி ஆட்டோவை அனுப்பினான். நல்ல பையன். அவங்க அம்மா வளர்ப்பு.

திரும்பி வந்தான். திட்டுவான்னு நினைச்சேன். நாலு அறை அறைஞ்சிருந்தாக்கூட வாங்கிட்டு இருந்திருப்பேன். அட்டையை மடிச்சு சட்டைப் பையில வச்சுக்கிட்டு, "அந்தம்மாகிட்ட சொன்னீங்க, சரி. என்கிட்ட ஏம்ப்பா சொன்னீங்க?"ன்னு கேட்டான். "இனிமே நான் அம்மாவை நினைச்சா இதுதானே வரும்?"

அன்னைக்கு சாயங்கால பஸ்ஸுக்கே கிளம்பிட்டான்.

மூணு மாசம் ஆச்சு. தினமும் போன் பண்றான். சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சான்னு கேப்பான், வச்சுருவான். புது மெஷின் எல்லப்பனுக்கு ஓடுதாம். கத்தினா நஞ்சம்மா ஓடிப்போய்ப் பாக்குதாம். ஆனா இந்த வீட்டுப் பக்கம் வர்றதில்லை. மிக்ஸி நின்னு போய் ஒரு மாசம் ஆச்சு, நான் அதைத் திறக்கலை. எப்படி ஓடுது, ஏன் நின்னுச்சுன்னு தெரிஞ்சுக்கிற ஆசையெல்லாம் எனக்குள்ள செத்துப் போச்சு.

ஒண்ணே ஒண்ணு மட்டும் பண்றேன். மத்தியானம் சாப்பிட்டதும் ராஜி ரூமுக்குப் போய் அந்தப் பழைய மெஷினுக்கு சுவிட்சைப் போடுவேன். சேர்ல உக்காந்துக்குவேன். நாலு நிமிஷம் ஓடும், அப்புறம் கத்தும். கட்டில் காலியா இருக்கும். அழுவுது பாருங்க, போய்த் தூக்குங்கன்னு சொல்ல ஆள் கிடையாது.

முந்தா நாள் பக்கத்து வீட்டுப் பொண்ணு ரஞ்சிதா காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் இருந்து கூப்பிட்டுச்சு. புதுசாக் குடிவந்த பொண்ணு, எங்க கதை தெரியாது.

"சார், உங்க வீட்டுல ஏதோ ரொம்ப நேரமா கத்துதே, உங்களுக்குக் கேக்கலையா?"

"இப்பக் கேக்குதும்மா"ன்னேன்.